தறி நின்ற மத்தியானம்

மத்திய ஜாவா,
3 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. தலையில் தையல் பிரிக்கும் முன்பே ஆட்டுக்குத் தழை ஒடிக்க மரமேறியவரிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

போனிலிருந்து பேட்டரியைக் கழற்றி ராகி டப்பாவுக்குள் போட்டுவிட்டீர்களாம். தறிக்காரர் வீட்டு ஜெயபாரதி சொன்னாள். சரி. பேசமாட்டீர்கள் என்றால் எழுதுகிறேன். இதைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். ஒரு வரி விடாமல் அவள் படித்துக் காட்ட வேண்டும், நீங்கள் நடுவில் எழுந்து போகக்கூடாது.

ஆனி மாதம் பட்டப்பகலில் இரண்டு பேர் வந்து தண்ணீர் கேட்டார்கள். நீங்கள் சொம்பு எடுக்கத் திரும்பினீர்கள். பின்மண்டையில் அடித்துவிட்டு, கிணற்று மோட்டாரின் ஒயரையும் இரண்டு வெள்ளாடுகளையும் கொண்டுபோனார்கள். சாயங்காலம் கம்பெனி வேன் ஊருக்குள் திரும்பும்வரை தண்ணித் தொட்டியோரம் கிடந்தீர்கள், அப்பா. ஒரு ஆளுக்கும் தெரியவில்லை.

நான் லீவு போட்டு ஓடி வந்தேன். "நிலத்தைக் கம்பெனி கட்டுகிற பார்ட்டிக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வாங்க, உங்க மாப்பிள்ளை தனி ரூம் ஒதுக்கி வெச்சிருக்கிறார்" என்றேன். "அப்பன் செத்தாச் சொல்லியுடறேன், அப்ப வந்தாப் போதும்" என்றீர்கள். நானும் சும்மா இருக்கவில்லை. "மோட்டாருக்குக் காவல் நாய் மாதிரி அங்கயே கெடந்து சாவுங்க" என்றேன். நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நான் சொன்னது உங்களுக்கும் மறக்காது. உங்களுக்கு எதுதான் மறந்திருக்கிறது?

முடிவைச் சொல்லிவிடுகிறேன். தைப் பொங்கல்வரை தோட்டத்துச் சாளை வீட்டிலேயே இருங்கள். அதற்குள் நம் காட்டுப் பக்கம் இன்னொரு திருட்டு என்று காதில் விழுந்தால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே ஆரம்பித்து, இன்றைக்கு ஒரு பேக்டரியின் குவாலிட்டி முழுவதும் என் தலையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வருவேன். நிலத்தை விற்கப் புரோக்கர் லிங்கசாமியிடம் பேசி வைத்திருக்கிறேன்.

இந்தோனேசியாவில் நான் குடியிருப்பதும் ஒரு பட்டிக்காடுதான். சுற்றிலும் நெல் வயல். பொழுது சாய்ந்தால் காவல் குடிசையிலிருந்து மரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டபடி நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், அந்நிய தேசத்தில். நீங்கள் சொந்தக் காட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கிறீர்கள்.

சத்யப்பிரியா


கல்லாங்காட்டுப்புதூர்,
9 ஆகஸ்ட் 2024

கண்ணு சத்யா,

படித்துக் காட்டினாள். எழுந்து போகவில்லை. ஒரே ஒரு தடவை ஆடு கத்தியது என்று போனேன்.

நாய் மாதிரி என்று நீ சொன்னதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நம்ம வெள்ளையன் நாய் செத்தது நீ ஒன்பதாவது படிக்கிறபோது, ஐப்பசி அடைமழையில். அது சாகிறவரைக்கும் இந்த வாசலை விட்டுப் போகவில்லை. அதற்கு இருந்த ரோசம் எனக்கு இருக்கக்கூடாதா?

அந்தக் காலத்தில் திருட்டே இல்லை என்று பேசுகிற கிழவன் நான் இல்லை. நீ பிறந்த வருசம் மாசியில் நம்ம காரி எருதை ஓட்டிக்கொண்டு போனார்கள். அதற்கு முந்தின வருசம் கிணற்றில் கவலை இறைக்கிற கயிறு. எல்லாக் காலத்திலும் திருடன் இருந்தான். அப்போது கத்தினால் காது கேட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு நான் கத்தினேன், கண்ணு. மயக்கம் வருகிறவரை கத்தினேன். சாமியப்பனின் விசைத்தறிக் குடோன் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் டடக் டடக் என்று விடிய விடிய, பகல் பூராவும் அடிக்கிற சத்தத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவன் குடோன் ஒன்று, அதை ஒட்டி இன்னும் மூன்று. நாலும் சேர்ந்து என் கத்தலைத் தின்றுவிட்டன. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் கலெக்டருக்குப் போட்ட மனு இன்னும் உயிரோடு இருக்கிறது. கைநாட்டு வைத்தவன் நான். அவனுக்கு என் மேல் அதில்தான் காட்டம். அவன் ஒரு

(அடுத்த இரண்டு வரியை நான் எழுதவில்லை. அவர் என் மாமனார். – ஜெயபாரதி)

அவள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். பேனா நின்றது தெரிந்தது. போகட்டும்.

திருடினவன் யார் என்று கேட்கிறாயா? லைன் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார்களே வடக்கத்திப் பசங்கள், மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கிறவர்கள், அவர்கள் மேல்தான் ஊரே சந்தேகப்படுகிறது. எனக்கும்தான்.

நிலத்தைக் கொடுக்கமாட்டேன். வேலையை விட்டுவிட்டு வராதே. அது என்ன, மரத்தைத் தட்டுகிற சத்தம்?

அப்பன் சீனிச்சாமி
சொல்ல எழுதியது ஜெயபாரதி


மத்திய ஜாவா,
16 ஆகஸ்ட் 2024

அப்பா,

கேள்வி கேட்டுவிட்டீர்கள், அதனால் கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

இங்கே காவலுக்குச் சம்பள ஆள் கிடையாது. வீட்டுக்கு ஒருவர் முறை வைத்துச் சுற்றி வருகிறார்கள். காவல் குடிசையில் ஒரு மரக்கட்டை தொங்குகிறது. நடுவில் குடைந்து, வாய் பிளந்த மாதிரி நீளமாக ஒரு வெட்டு. கெந்தோங்கான் என்கிறார்கள். திருடன் வந்தால் ஒரு தட்டு, தீப் பிடித்தால் வேறு தட்டு, சாவுக்கு வேறு. குழந்தைக்கும் தெரிகிறது எந்தத் தட்டுக்கு எது என்று.

இன்னொன்று உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னக் குவளை தொங்கும். அதில் ஒரு பிடி அரிசி. காவல் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போவார்கள். ஊர்ப் பொதுவுக்குச் சேருகிற அரிசி. நம் ஊரில் கோயிலுக்குப் பிடி அரிசி எடுத்து வைப்போமே, அந்த மாதிரி. ஆனால் பக்கத்து வீட்டு சுமினி அம்மா சொன்னாள்: அரிசி பெரிதில்லை. அரிசியை எடுக்க ஒருவர் தினமும் வாசல்வரைக்கும் வருகிறார் இல்லையா, அதுதான் காவல். குவளையில் அரிசி இல்லையென்றால் உள்ளே குரல் கொடுத்துப் பார்க்காமல் போகமாட்டார்கள்.

நான் குடிவந்த அன்றே தெருத் தலைவர் வந்து பாஸ்போர்ட் நகல் கேட்டார். புது ஆள் வந்தால் சொல்லியாக வேண்டுமாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இவர்கள் கண்ணுக்கு நான் திருடியா? ஒரு வாரம் யாரிடமும் சிரிக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சுமினி அம்மா என் வாசலில் ஆணி அடித்து ஒரு குவளையை மாட்டினாள். "இனி உனக்கும் முறை உண்டு" என்றாள். அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

லைன் வீட்டுப் பசங்களை எழுதியிருந்தீர்கள். அவர்கள் பெயர் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? பஞ்சாயத்து எலக்ஷனில் நாற்பது வருடத்துக்கு முன்னால் யார் யாருக்கு எத்தனை ஓட்டு என்று சொல்கிறவர் நீங்கள். இங்கே நான்தான் வடக்கத்திக்காரி, அப்பா. யோசித்துப் பாருங்கள்.

சத்யா


கல்லாங்காட்டுப்புதூர்,
30 ஆகஸ்ட் 2024

கண்ணு,

ஊரே சிரிக்கிறது. நீயும் சிரித்துக்கொள்.

பழைய பனந்துண்டு ஒன்று கிடந்தது. அதைக் குடைந்து வாய் வெட்டி வேப்பமரத்தில் தொங்கவிட்டேன். தட்டினேன். நன்றாகத்தான் சத்தம் வந்தது, எனக்கு. வரப்புத் தாண்டினால் ஒன்றும் இல்லை. தறிச் சத்தம் மேலே விழுந்து அமுக்கிவிடுகிறது. பக்கத்துக் காட்டுப் பூவாத்தாள் தன் சாளையிலிருந்து, நான் கையை ஆட்டி ஆட்டித் தட்டுவதை அரை நாள் பார்த்திருக்கிறாள். பொழுதோட வந்து கேட்கிறாள்:

"ஏனுங்ணா, மரங்கொத்தி வேலைக்குச் சேந்துட்டீங்களா?"

"திருடன் வந்தா ஊருக்குச் சொல்றதுக்கு, ஆத்தா."

"அவன் வந்து பாத்துட்டு, பாவம் கெழவனுக்குப் புத்தி பெசகிப்போச்சுன்னு ரெண்டு ரூவா போட்டுட்டுப் போவான் போங்க."

அந்தக் குவளைச் சங்கதியையும் சொன்னேன். "என்ற ஊட்டு வாசல்ல பிச்சைப் பாத்திரம் தொங்கறதா? கட்டுனவர் போனப்பறம் ஒத்தையா இருந்து நாலு ஏக்கரா வெள்ளாமை பண்ணுனவ நானு" என்று சேலையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

இன்னொரு வித்தியாசத்தையும் நீ பார்க்கவில்லை. உன் ஊரில் திருடன் ராத்திரி வருகிறான். நம் ஊரில் ராத்திரி எல்லாரும் இருக்கிறார்கள். பகலில்தான் ஊர் காலி. எட்டு மணிக்குக் கம்பெனி வேன்கள் வந்து இளசுகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் யார்? காட்டுச் சாளைகளில் கிழடுகட்டைகள். தறிக்குடோனுக்குள் இருப்பவர்கள் காது கேளாதவர்களுக்குச் சமம். நமக்கு வேண்டியது பகல் காவல்.

அந்தப் பசங்களின் பெயரைக் கேட்டாய். கேட்டு வைக்கிறேன். கேட்டால் தப்பில்லை.

அப்பன்


மத்திய ஜாவா,
12 செப்டம்பர் 2024

அப்பா,

நீங்கள் சொல்லவில்லை. ஜெயபாரதி சொல்லிவிட்டாள். ரங்காத்தாள் சாளையில் மத்தியானம் புகுந்து, அந்த அம்மாவை ரூமுக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, பீரோவை உடைத்திருக்கிறார்கள். இரண்டு காடு தள்ளித்தானே? நீங்கள் அப்போதும் பனந்துண்டைத் தட்டினீர்களாம். யாரும் வரவில்லையாம்.

நான் சொன்னது சொன்னதுதான். ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். இந்த மாத ஷிப்மெண்ட் போகட்டும் என்று மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். லிங்கசாமி அடுத்த மாதக் கடைசியில் பார்ட்டியை அழைத்துக்கொண்டு வருவார். அவரிடம் முகம் கொடுத்துப் பேசுங்கள்.

இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

சத்யப்பிரியா


கல்லாங்காட்டுப்புதூர்,
17 செப்டம்பர் 2024

சத்யா,

அந்தக் கடிதத்தை டிராயரிலேயே வை. கையில் எடுக்காதே. எனக்கு வழி தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்தேன். நல்ல தூக்கம். திடுக்கென்று முழித்தேன். என்ன என்று பார்த்தால் ஒன்றுமில்லை. கரண்டு போயிருக்கிறது, தறி நின்றிருக்கிறது. வெளியே வந்தேன். பூவாத்தாளும் வெளியே நிற்கிறாள். லைன் வீட்டுப் பசங்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். ராத்திரி பூராவும் மில்லில் வேலை பார்த்துவிட்டு, தறிச் சத்தத்துக்கு நடுவில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற பசங்கள். சத்தம் அவர்களை எழுப்பவில்லை. சத்தம் நின்றதுதான் எழுப்பியது.

கண்ணு, உன் ஊரில் அமைதியாக இருக்கிறது, அதனால் தட்டினால் கேட்கிறது. நம் ஊரில் எந்நேரமும் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். இங்கே தட்டக்கூடாது. நிறுத்த வேண்டும்.

நேராகச் சாமியப்பன் குடோனுக்குப் போனேன். மனுப் போட்ட நாளிலிருந்து அந்த வாசலை மிதித்ததில்லை. சொன்னேன். அவன் குதித்தான்.

"ஓடற தறியைக் கண்ட நேரத்துக்கு நிறுத்துனா துணியில பட்டை விழும், தெரியுமுங்களா? கரண்டு போயிப் போயி ஏற்கெனவே பாதித் துணி திரும்பி வருது. சத்தம் ஆகாதுன்னு கலெக்டருக்கு எழுதுனவரு, இப்பத் தறியே ஆகாதுங்கறீங்க!"

"திருடன் வந்தா மட்டும் நிறுத்து, சாமியப்பா."

"திருடன் என்ன எனக்குச் சொல்லிப்போட்டா வருவான்?"

"நான் சொல்றேன்."

"எப்படி? மரங்கொத்தி மாதிரியா?"

ஜெயபாரதி உள்ளே இழை முடிந்துகொண்டிருந்தாள். எழுந்து வந்து, "மாமா, நாளைக்கு நம்ம அத்தை ஊட்டுல தனியா இருக்கறப்ப வந்தா?" என்று கேட்டாள். ஒரே கேள்வி.

அதற்கப்புறமும் சாமியப்பன் முறுக்கிக்கொண்டு, "மனு?" என்றான். "கைநாட்டு வெச்சுக் குடுத்தவன் நான். கைநாட்டு வெச்சே திரும்ப வாங்கிக்கறேன்" என்றேன். மற்ற மூன்று குடோன்காரர்களிடமும் அவனே பேசிவிட்டான். பக்கத்துக் குடோன் நின்றது தெரிந்தால் தானும் நிறுத்துவது என்று பேச்சு. ஒன்று நின்றால் நாலும் நிற்கும்.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பகலில் ஊரில் இருக்கிற ஒரே இளவட்டம் அந்த லைன் வீட்டுப் பசங்கள்தான். அவர்களைத்தான் நான் கள்ளன் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அங்கே போவதற்குத்தான் கால் கூசுகிறது.

அப்பன்


மத்திய ஜாவா,
23 செப்டம்பர் 2024

அப்பா,

படித்துவிட்டுச் சிரித்தேன். தறியை நிறுத்துவதா! இங்கே சாயங்காலம் சுமினி அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குத் தறிச் சத்தத்தைப் புரியவைக்க மேஜையைத் தட்டித் தட்டிக் காட்டினேன். புரிந்ததும், "உன் அப்பா எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்?" என்று கேட்டாள்.

கால் கூசினாலும் போங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு குவளையை எடுத்துப் போங்கள். என் வாசலில் குவளை மாட்டிய அன்று சுமினி அம்மா முன்னால் சந்தேகப்பட்டதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. ஆணி அடித்தாள், முறை சொன்னாள், போய்விட்டாள். போதும் அது.

ஆனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். டிராயரில் கடிதம் இருக்கிறது. லிங்கசாமி வருகிற தேதியும் மாறவில்லை. உங்கள் யோசனை நல்ல யோசனைதான்; நல்ல யோசனை உங்கள் மண்டையை அடியிலிருந்து காப்பாற்றும் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை.

சத்யா


கல்லாங்காட்டுப்புதூர்,
8 அக்டோபர் 2024

கண்ணு,

போனேன். ஆணி அடித்தேன். நாலு பேர் இருக்கிறார்கள். ஒடிசாப் பக்கம். மூத்தவன் பெயர் பிகாஷ். அவன் அப்பனுக்கு அங்கே நெல்லுக்காடு இருக்கிறதாம், யானை வந்தால் ஊரே சேர்ந்து விரட்டுமாம். நான் சொல்லச் சொல்ல, "புரியுது தாத்தா, யானைக்குப் பதிலா சோர்" என்றான். சோர் என்றால் திருடனாம். என்னிடம் குவளையைக் கேட்டு வாங்கி, அப்போதே ஒரு பிடி அரிசி போட்டான்.

குவளை என்றால் குவளை இல்லை. தறிக்குடோனில் நூல் தீர்ந்த காகிதக் கோன் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. அதைத் தலைகீழாகப் பிடித்து, ஓட்டையைப் பனியன் வேஸ்ட்டில் அடைத்து, கம்பி கோத்தால் ஒரு பிடி அரிசி கச்சிதமாக நிற்கிறது. எல்லாச் சாளையிலும் மாட்டியாயிற்று. காலையில் ஒரு சுற்று, மத்தியானம் ஒரு சுற்று, முறை வைத்துக் கிழடுகள் நாங்களே போகிறோம். ரங்காத்தாள் தன் முறையன்று கையில் உலக்கையோடு வருகிறாள்.

பூவாத்தாளும் மாட்டிக்கொண்டாள். "எல்லாரும் மாட்டியிருக்கறீங்க, என்ற ஊடு மட்டும் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்குது?" என்கிறாள். அவள் கோனுக்கு மட்டும் ஜரிகை ஒட்டியிருக்கிறாள்.

போனில் பேட்டரியைப் போட்டுவிட்டேன். உன்னோடு பேச இல்லை. ஜெயபாரதி அதில் ஒரு பித்தானில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். அதை அமுக்கிப் பிடித்தால் அவளுக்குப் போகும். தறிக்குள் மணி கேட்காது. ஆனால் தறி ஓட்டுகிற பொம்பளைகள் சேலைக்கு மேலே சட்டை போட்டிருக்கிறார்களே, அந்தச் சட்டைப் பையில் போன் அதிருவது தெரியும். உடனே அவள் தறியை நிறுத்திவிடுவாள்.

ஒத்திகை பார்த்தோம். முதல் தடவை நிறுத்தின அதே நேரத்தில் நிசமாகவே கரண்டு போய்விட்டது. பிகாஷ் கட்டையோடு ஓடி வந்து, கரண்டுக் கம்பத்தைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து ஒரு சட்டம் வைத்தோம். விசிறியும் நின்றால் கரண்டு. விசிறி சுற்றுகிறது, தறி நின்றிருக்கிறது என்றால் திருடன். அவ்வளவுதான். இதை இப்போது சின்னப் பிள்ளைகள் பாட்டாகவே பாடுகிறார்கள்.

அப்பன்


கல்லாங்காட்டுப்புதூர்,
25 அக்டோபர் 2024

கண்ணு சத்யா, என் சாமி,

உட்கார்ந்துகொண்டு படி. ஜெயபாரதிக்குக் கை ஓடவில்லை, சிரித்துச் சிரித்து எழுதுகிறாள். நான் நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

புதன்கிழமை மத்தியானச் சுற்று என் முறை. ஒவ்வொரு சாளையாக அரிசி எடுத்துக்கொண்டு போனேன். பூவாத்தாள் சாளைக்குப் போனால் வாசலில் கோனைக் காணோம். ஆணி மட்டும் இருக்கிறது. வாசலில் ஒரு வெள்ளைக் கார்.

"பூவாத்தா!" என்றேன். கதவைப் பாதி திறந்துகொண்டு ஒருவன் வந்தான். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான்.

"அத்தைக்கு ஒடம்பு சொகமில்லீங்க, தூங்கறாங்க. நாங்க காங்கயத்துச் சொந்தமுங்க."

பூவாத்தாள் கல்யாணம் நடந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. பந்தியில் ரசம் ஊற்றினவன் நான். எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி வந்தது, எந்த வண்டியில் யார் வந்தார்கள் என்று இப்போதும் சொல்வேன். காங்கயத்திலிருந்து ஒரு காக்காய்கூட வரவில்லை. அது கிடக்கட்டும். குரல் இருக்கிறதே, குரல். "தண்ணி கெடைக்குமுங்களா" என்று ஆனி மாதம் என்னிடம் கேட்டதே, அதே குரல். அந்த 'ங்க'வைக் கடைசியில் இழுக்கிற இழுப்பு. என் பின்மண்டை அதை மறக்குமா?

நம்ம பேச்சு, கண்ணு. நம்ம வேட்டி. நான் எந்தப் பக்கத்துக்காரனையோ தேடிக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவன் என் முதுகைத்தானே நன்றாகப் பார்த்தவன்! நான் சிரித்தேன். "அப்படிங்களா மாப்ள, வெகுதூரத்துல இருந்து வந்திருக்கறீங்க. கொஞ்சம் பால் வாங்கியாறேன், காப்பித்தண்ணி குடிச்சுப்போட்டுத்தான் போகோணும்" என்றேன். அவனும் "ஆகட்டுங்க" என்றான். திரும்பி நடந்தேன். ஓடக்கூடாது என்று காலுக்குச் சொல்லிச் சொல்லி நடந்தேன். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போனதும் சிவப்புப் பொட்டை அமுக்கினேன். விரல் வெளுக்கிறவரை அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. டடக் டடக் டடக். சன்னல் வழியாக, உள்ளே இன்னொருத்தன் பீரோவை அசைக்கிறது தெரிந்தது. நான் நின்றுகொண்டு முருகா முருகா என்கிறேன்.

அப்புறம் சாமியப்பன் குடோன் நின்றது. சத்தத்தில் கால்வாசி குறைந்தது. பக்கத்துக் குடோன் நின்றது. அதற்கடுத்தது. கடைசிக் குடோன் மட்டும் ஒத்தையாக ரெண்டு தட்டுத் தட்டி, அதுவும் நின்றது. போனில் ஜெயபாரதியின் குரல் கேட்டது; பூவாத்தாள் சாளை, காங்கயத்துச் சொந்தம் என்று வந்திருக்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னேன்.

கண்ணு, அப்படி ஓர் அமைதியை நீ கேட்டிருக்கமாட்டாய். கோழி கிளறுகிறது கேட்டது. புளியங்காய் விழுந்தது கேட்டது. அந்த வேட்டிக்காரன் வாசலில் நின்று பீடி பற்றவைக்கிறான்! அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியூர்க்காரனுக்கு இரைச்சல் நின்றால் சுகமாக இருக்கிறது. ஊர்க்காரனுக்குத்தான் அது காதில் அறைகிறது.

லைன் வீட்டுக் கதவு படீரென்று திறந்தது. பிகாஷ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருகிறான், பின்னால் மூன்று பேர். குடோன்களிலிருந்து பொம்பளைகள் சேலைக்கு மேலே சட்டையோடு, கையில் தறியடிக்கிற பிக்கிங் குச்சியோடு வருகிறார்கள். ரங்காத்தாள் உலக்கையோடு. ஒருவரும் கத்தவில்லை. அதுதான் அழகு. சத்தமே இல்லாமல் நாலு பக்கமும் வரப்பில் ஆள் வருகிறது. பீடிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். வாயிலிருந்த பீடி விழுந்தது.

காரை எடுத்தார்கள். வண்டித்தடத்தில் சாமியப்பன் தன் பாவு நூல் ஏற்றுகிற டெம்போவைக் குறுக்கே போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். "போறதுக்கு வழி இல்லீங்களே, காங்கயத்துச் சொந்தம்!" என்கிறான். நான் போனில் ஜெயபாரதியிடம் சொன்னது அவன் காதுக்கும் போயிருக்கிறது. ஒருவன் இறங்கிச் சோளக்காட்டுக்குள் ஓடினான். பிகாஷ் விட்டானா? யானை விரட்டின கால் ஆயிற்றே. பிடறியைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அடிக்கப் போனவர்களை நான் தடுத்தேன். "எனக்கு விழுந்த அடி என்னோட போகட்டும், போலீசுக்குச் சொல்லு" என்றேன். போலீஸ் வந்தது. காரின் பின்னால் ரங்காத்தாள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கும் இருந்தது. விற்காமல் வைத்திருந்தார்கள் போல.

பூவாத்தாளை நாற்காலியில் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்துவிட்டதும் அவள் சொன்ன முதல் பேச்சு என்ன தெரியுமா?

"சுத்துக்கு வாறதுக்கு இத்தன நேரமாண்ணா? நாலு சாளை சுத்தறதுக்குப் பொழுது சாயோணுமா?"

"கோன் எங்க ஆத்தா?"

"தண்ணி கேட்டானுங்க. கண்ணு ரெண்டும் என்ற கழுத்துச் சங்கிலி மேல நின்னுச்சு. 'இருங்க சாமி, இந்த அரிசியை உள்ள எடுத்து வெச்சர்றேன், காக்கா தின்னுபோடும்'னு சொல்லி அவனுங்க முன்னாலயே கோனைக் கழட்டிக்கிட்டேன். அந்த முட்டாப் பசங்க, பாவம், எனக்கு ஒதவி வேற பண்ணுனானுங்க, கைக்கு எட்டலீன்னு!"

பிச்சைப் பாத்திரம் என்றவள்தான். திருடனையே விட்டுத் தன் அபாயச் சங்கை ஊதவைத்திருக்கிறாள்.

லிங்கசாமி நேற்றுப் பார்ட்டியோடு வந்தார். பூவாத்தாள் வாசலில் நின்று கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். பார்ட்டி காரை விட்டு இறங்கவே இல்லை. "இந்த ஊர்ல வந்து கம்பெனி கட்டுனா, தறி நிக்கறப்பல்லாம் நாமளும் கட்டையத் தூக்கிட்டு ஓடோணும் போல" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

டிராயரில் இருக்கிற காகிதத்தை என்ன செய்யப்போகிறாய், சொல்லு.

அப்பன் சீனிச்சாமி


மத்திய ஜாவா,
27 அக்டோபர் 2024

அப்பா,

கிழித்துவிட்டேன். நாலாக, எட்டாக, குப்பையில் போட்டால் யாராவது ஒட்டிப் படிப்பார்களோ என்று அடுப்பில் போட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பேக்டரி வேனிலேயே படித்தேன். நீங்கள் புளியமரத்தடியில் நிற்கிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். கடைசிக் குடோனும் நின்ற இடத்தில் வாய்விட்டு "அப்பா!" என்றிருக்கிறேன். டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தெருக் கூட்டத்தில் சுமினி அம்மா என்னை எழுப்பிச் சொல்லவைத்தாள். அரைகுறைப் பேச்சில் சொன்னேன். பூவாத்தாள் அத்தை திருடனை விட்டே கோனைக் கழற்றிய இடத்தில் பெண்கள் கைதட்டினார்கள். முடிந்ததும் தெருத் தலைவர் எழுந்து போய்க் கெந்தோங்கானைத் தட்டினார். நிதானமாக, விட்டு விட்டு. ஊர் பத்திரமாக இருக்கிறது என்பதற்கான தட்டு அது. "இது உன் அப்பாவின் ஊருக்கு" என்றார். நான் அழுதேன். இந்த முறை சண்டை போட்டு இல்லை.

நாய் மாதிரி என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கைநாட்டு வைத்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்ற மாதிரி.

பொங்கலுக்கு வருகிறேன். லீவுதான், வேலையை விட்டுவிட்டு இல்லை. திருப்பூரில் இறங்காமல் நேராகச் சாளைக்கு. எனக்கும் ஒரு சுற்று முறை போட்டு வையுங்கள்.

போனில் பேசலாமா, அப்பா?

உங்கள் சத்யா


கல்லாங்காட்டுப்புதூர்,
4 நவம்பர் 2024

கண்ணு,

சேர்ந்த அரிசியையெல்லாம் போட்டு நேற்றுச் சாமியப்பன் குடோன் வாசலில் சோறாக்கினோம். அவனே அடுப்பு மூட்டினான். பிகாஷ் அவன் ஊர்ப் பருப்பு ஒன்று செய்தான், இனிப்பா காரமா என்று கடைசிவரை பிடிபடவில்லை, ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். வேனில் போய் வருகிற இளசுகள் எல்லாம் இலை போட்டு உட்கார, கிழடுகள் நாங்கள் பரிமாறினோம். நான் ரசம் ஊற்றினேன். பழக்கப்பட்ட வேலை.

தறியை நிறுத்தின அந்தப் புதன்கிழமை நெய்த துணியில் பட்டை விழுந்துவிட்டது. சாமியப்பன் அதை விற்கவில்லை. கிழித்து நாலு குடோன் வாசலுக்கும் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டி, "இது என்ன தெரியுமுங்களா?" என்று ஆரம்பித்துவிடுகிறான். அவன் சொல்கிற கதையில் திருடனைப் பிடித்தது அவன் டெம்போதான்.

(ஆமாம், அப்படித்தான் சொல்கிறார். – ஜெயபாரதி)

சோமனூர்ப் பக்கமிருந்து இரண்டு ஊர்க்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கோன் எப்படி மாட்டுவது என்று பூவாத்தாள் பாடம் நடத்தினாள். ஜரிகை கட்டாயம் ஒட்ட வேண்டுமாம்.

மனுவைத் திரும்ப வாங்கினேன். ஆபீசில் காரணம் கேட்டார்கள். "சத்தம் வேணுங்க" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நிசந்தான், கண்ணு. முன்னெல்லாம் ராத்திரி அந்த டடக் டடக்கில் தூக்கம் வராமல் புரளுவேன். இப்போது அது ஓடுகிறவரைக்கும் எல்லாச் சாளையிலும் ஆள் பத்திரம் என்று அர்த்தம். படுத்ததும் தூங்கிவிடுகிறேன்.

பேசலாமா என்று கேட்டாய். நாளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் போன் பண்ணு. நீ பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது உனக்குக் கேட்காது. போனைச் சன்னலோரம் வைக்கிறேன். தறிச் சத்தம் கேட்டால் உன் அப்பன் நன்றாக இருக்கிறான் என்று வைத்துக்கொள்.

சீனிச்சாமி